95,000 வாடகையில் மிஞ்சியது 500: சங்ககிரியில் லாரிக்கு மாத ஒப்பந்தம் பேசித் தரும் அலுவலகம் பற்றி

சங்ககிரியில் திருச்செங்கோடு சாலையில், டயர் கடைக்கு மேல் மாடியில் ஓர் அலுவலகம் இருக்கிறது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்களுக்கும், வண்டி தேவைப்படும் ஒப்பந்தக்காரர்களுக்கும் நடுவில் நின்று மாத ஒப்பந்தம் பேசி முடித்துக் கொடுப்பது அவர்கள் வேலை. இரண்டு ஆண்டுகளாக எங்கள் வண்டி அவர்கள் மூலமாகத்தான் ஓடுகிறது. குறைகளையும் சேர்த்து எழுதப்போவதால் பெயரைப் போடவில்லை.

எங்களிடம் இருப்பது ஒரே வண்டி. 2018 மாடல், பன்னிரண்டு சக்கரம். 2021இல் பழைய வண்டியாக வாங்கினோம். என் வீட்டுக்காரர் ஓட்டுகிறார், நான் கணக்கு எழுதுகிறேன். மாதத் தவணை 48,000 ரூபாய். காப்பீடு, சாலை வரி, நேஷனல் பர்மிட், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1,26,000. பர்மிட்டுக்கு மட்டும் 16,500, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் ஜி.எஸ்.டி. நீங்கலாக 43,950. மாதத்துக்குப் பிரித்தால் 10,500 ரூபாய். வண்டி நின்றாலும் ஓடினாலும் இந்த இரண்டு தொகையும் நம்மை விடாது.

2023 ஜூனில் முதன்முறையாக கிடைத்த லோடை ஏற்றி ஊர் ஊராக ஓடும் லைன் ஓட்டத்தை விட்டுவிட்டு மாத ஒப்பந்தத்துக்குப் போனோம். ஒப்பந்தக்காரரை நாங்களே தேடிப் பிடித்தோம். மாதம் 95,000 ரூபாய் வாடகை. டீசல், சுங்கம், ஓட்டுநர் சம்பளம் அவர் பொறுப்பு. டயர், பழுது, தவணை நம் பொறுப்பு. என் வீட்டுக்காரரே ஓட்டுநர் என்பதால் 24,000 சம்பளமும் தனியாக வந்தது. அதற்கு முன் மும்பை பக்கம் வாஷியில் நான்கு நாள் ரிட்டர்ன் லோடுக்குக் காத்துக் கிடந்து வெறுத்துப் போயிருந்தவர்கள் நாங்கள். 95,000 என்ற எண்ணைக் கேட்டதும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

புனே, நாசிக் பக்கம் மாதம் நான்கு நடை அடித்தார்கள். 9,000 கிலோமீட்டர். ஒன்பது மாதம் முடிவதற்குள் பின்பக்க டயர்களில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் மேடு, தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. ஜோடி நாற்பதாயிரத்துக்கு மேல். லோடு இல்லாத நாளுக்கு வாடகை கிடையாது என்று பிடித்தம் செய்தார்கள். வரி என்று சொல்லி இரண்டு சதவீதம் வேறு. வாடகைப் பணம் நாற்பது, நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் வரும், தவணையோ பத்தாம் தேதி தவறக் கூடாது. ஒருமுறை மூன்று டன் கூடுதலாக ஏற்றி அனுப்பி, வழியில் பிடிபட்டது. அதிக பாரத்துக்கு 2019 சட்டத் திருத்தத்தின்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. ஆக 26,000. ஏற்றச் சொன்னவர் ஒப்பந்தக்காரர். பணத்தை எங்கள் வாடகையில் கழித்துக்கொண்டார். அன்று இரவு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை.

2024 பிப்ரவரியில் அந்த மாடி ஏறினேன். உள்ளே ஒரு பெரியவரும், கணக்கு எழுதும் ஒரு பெண்ணும். எங்கள் பழைய ஒப்பந்தத் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். "இதில் கிலோமீட்டர் எங்கே அம்மணி?" என்றார். இல்லை என்றேன். என் நோட்டைக் கேட்டார். டயர், ஆயில், கிரீஸ், பிரேக் லைனிங், பட்டை என்று நான் எழுதி வைத்திருந்ததை எல்லாம் அந்தப் பெண் கூட்டி, ஓடிய தூரத்தால் வகுத்தாள். தேய்மானம் கிலோமீட்டருக்கு 4 ரூபாய் வந்தது. 9,000 கிலோமீட்டருக்கு 36,000. தவணையும் மற்றதும் 58,500. மொத்தம் 94,500. எந்தப் பிடித்தமும் இல்லாமல் முழு வாடகை வந்த மாதத்தில்கூட எங்களுக்கு மிஞ்சியது 500 ரூபாய். ஒன்பது மாதமாக நோட்டு என் கையிலேயே இருந்தது. எனக்குக் கண்ணில் படவில்லை.

அவர்கள் பேசி முடித்த ஒப்பந்தத்தில் வாடகை 92,000தான். என் வீட்டுக்காரருக்கு முதலில் மனமே இல்லை, "மூவாயிரம் குறைத்து வாங்கித் தரவா கமிஷன்?" என்று கேட்டார். ஆனால் அதே தாளில் மாதத்துக்கு 5,500 கிலோமீட்டர்தான் என்று எல்லை போட்டிருந்தார்கள். தாண்டினால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் தனி. தேய்மானம் 22,000 ஆகக் குறைந்தது. செலவு மொத்தம் 80,500. கையில் நிற்பது 11,500. அலுவலகக் கமிஷன் இரண்டு சதவீதம், 1,840 ரூபாய் கொடுத்தாலும் 9,660 மிச்சம். சம்பளம் முன்போலவே தனி. ஒரு மாதம் 6,300 ஓடியபோது கூடுதலாக 5,600 வந்தது, அதில் தேய்மானம் போக 2,400 நம்முடையது.

வேலையும் மாறியது. இப்போது அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றி ஈரோடு, திருப்பூர், கோவை கிடங்குகளுக்கு இறக்குகிறார். வாரத்தில் இரண்டு இரவு வீட்டில் படுக்கிறார். இதற்கு நோட்டில் கட்டம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

ஒப்பந்தம் எழுதிய அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரியவர் கீழே இறங்கி வந்தார். ஒப்பந்தக்காரரின் ஆளை அருகில் நிறுத்தி வைத்துக்கொண்டு, பன்னிரண்டு டயரிலும் பட்டன் ஆழத்தை அளவுகோல் வைத்து அளந்து, ஒவ்வொன்றின் எண்ணையும் உரக்கச் சொல்ல, அந்தப் பெண் எழுதினாள். மீட்டர் கிலோமீட்டரைப் படம் எடுத்து, அந்தப் படத்திலும் இரு தரப்பையும் கையெழுத்துப் போட வைத்தார்கள். ஸ்டெப்னி டயரைக்கூட விடவில்லை. தார்ப்பாய், கயிறு, ஜாக்கி எல்லாம் எண்ணிக்கையோடு தாளில் ஏறின. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றார் அந்த மனிதர்.

தாளில் இன்னும் ஐந்து வரிகள் எங்களைக் காப்பாற்றுகின்றன. அதிக பாரம் ஏற்றினால் அபராதம் ஒப்பந்தக்காரருடையது. லோடு இல்லை என்று வாடகையைப் பிடிக்கக் கூடாது. வண்டி பழுதாகி மூன்று நாளுக்கு மேல் நின்றால்தான் பிடித்தம். வாடகை ஏழாம் தேதிக்குள் வங்கியில் ஏற வேண்டும். ஒரு மாத வாடகை முன்பணமாக எங்களிடம் இருக்கும். வரி விஷயத்தையும் அந்தப் பெண்தான் விளக்கினாள்: பத்து சரக்கு வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் பான் எண்ணோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் வாடகையில் வருமான வரி பிடிக்க வேண்டியதில்லை. சரக்குப் போக்குவரத்து நிறுவனத்துக்கு வண்டியை வாடகைக்கு விடுவதற்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. உறுதிமொழிப் படிவத்தை அவர்களே நிரப்பித் தருகிறார்கள்.

சொந்த வண்டி இல்லாத ஓட்டுநர்களுக்கும் ஒப்பந்தம் பேசுகிறார்கள். என் கொழுந்தனாருக்கு ஆறு சக்கர வண்டி ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். அதில் அவ்வளவு கவனம் போதவில்லை. எஃப்.சி. முடிய ஆறு வாரமே இருந்ததை யாரும் பார்க்கவில்லை, வண்டி பத்து நாள் நின்றபோது உரிமையாளர் வாடகையைக் கேட்டார். பெரியவர் தலையிட்டுப் பாதியாகக் குறைத்தார் என்றாலும், எங்கள் வண்டியை அளந்த அதே கண்ணால் அதையும் பார்த்திருக்கலாம்.

இன்னொரு குறையும் உண்டு. 2024 நவம்பர் மழையில் சிமெண்ட் நடை நின்று, ஒப்பந்தக்காரர் ஒரு மாத முன்னறிவிப்பு இல்லாமலே விலகிக்கொண்டார். வேறு இடம் பார்த்துத் தர இவர்களுக்கு பதினோரு நாள் ஆயிற்று. முன்பணம் எங்களிடம் இருந்ததால் தவணை தப்பியது. ஆனால் அந்த நாட்களில் மாலை ஆறு மணிக்கு மேல் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. வண்டி நிற்கும் வீட்டில் ஆறு மணிக்கு மேல்தான் கவலை அதிகம். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று இன்றும் எனக்கு வருத்தம் இருக்கிறது, நேரிலும் சொல்லிவிட்டேன்.

போகிறவர்கள் ஆர்.சி., பர்மிட், காப்பீட்டுத் தாள் எல்லாவற்றோடும் குறைந்தது ஆறு மாதச் செலவு ரசீதுகளைக் கொண்டுபோங்கள். ரசீது இல்லாவிட்டால் அவர்களும் குத்துமதிப்பாகத்தான் போடுவார்கள். பதிவுக் கட்டணம் ஒருமுறை 3,000 ரூபாய். காலை பத்து மணிக்குள் போனால் பெரியவர் இருப்பார்.

எங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. வண்டிக்கு எட்டு வயது ஆகிறது, இனி ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். போன ஏப்ரலிலிருந்து கணக்குப் பார்த்தால் கிலோமீட்டருக்குத் தேய்மானம் 4 ரூபாய் 60 காசு வருகிறது. நோட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மாடி ஏறப் போகிறோம், எல்லை தாண்டிய கிலோமீட்டருக்கு 7 ரூபாயை 8 ஆக்கிக் கேட்கச் சொல்லி.