ஐ.எம்.எஃப். கடன் திட்டம்: கடனுக்கு நாலு நட்சத்திரம், சுகாதாரச் செலவைக் காப்பதற்கு ஒன்றரை

கடனாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல அதிகமில்லை. ஐ.எம்.எஃப். எனும் சர்வதேச நாணய நிதியத்தின் நீண்டகாலக் கடன் வகையான 'நீட்டித்த நிதி வசதி'யில், வாங்கிய ஒவ்வொரு தவணைக்கும் அசலை நாலரை ஆண்டு கழித்துக் கட்டத் தொடங்கி 10 ஆண்டுக்குள் முடிக்கலாம். மருந்து இறக்குமதிக்கே டாலர் இல்லாமல் தவிக்கும் நாட்டுக்கு வேறு யாரும் இப்படித் தர மாட்டார்கள்.

கோளாறு, பெரிதாகப் பேசப்படும் 'சமூகச் செலவுக் கீழ்வரம்பில்', அதாவது சுகாதாரம் போன்ற சமூகத் துறைகளுக்கு அரசு குறைந்தது இவ்வளவு செலவிட வேண்டும் என்ற இலக்கில் இருக்கிறது. பட்ஜெட் பற்றாக்குறை, அந்நியச் செலாவணிக் கையிருப்பு போன்றவை கட்டாய இலக்குகள். தவறினால் நிதியத்தின் நிர்வாகக் குழு விலக்கு தர வேண்டும், இல்லையேல் அடுத்த தவணை நின்றுவிடும். கீழ்வரம்போ பெரும்பாலும் வெறும் சுட்டு இலக்கு. தவறினால் விளக்கம் எழுதினால் போதும். இரண்டும் மோதும்போது நிதியமைச்சகம் எதைக் கைவிடும்? கடன் கோரும் கடிதத்தில் கையெழுத்திடுவது நிதியமைச்சரும் மத்திய வங்கி ஆளுநரும்தான். சுகாதார அமைச்சருக்கு அங்கே நாற்காலி இல்லை.

வெட்டு பட்ஜெட் உரையில் தெரியாது. வட்டியையும் சம்பளத்தையும் நிறுத்த முடியாதென்பதால், ஒதுக்கிய பணத்தை விடுவிக்காமல் இழுப்பார்கள். முதலில் அடிபடுவது மருந்துக் கொள்முதலும் கருவிப் பராமரிப்பும். நாணய மதிப்பும் இறங்கியிருந்தால் அதே பணத்துக்குக் குறைந்த மருந்தே வரும். அரசின் மொத்தச் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் நிபந்தனையை 2007க்குப் பிறகு நிதியம் குறைத்துக்கொண்டது உண்மை. ஆனாலும் பற்றாக்குறையை அடக்க ஓய்வுபெற்ற செவிலியரின் இடத்தை நிரப்பாமல் விடுவது எளிய வழியாகவே இருக்கிறது.

1980களின் கடன் திட்டங்கள் இன்னும் மோசம். கடனுக்கு ஈடாகப் பொருளாதாரத்தை மாற்றியமைக்கச் சொல்லி உலக வங்கியும் சேர்ந்து தள்ளிய சீரமைப்புக் காலத்தில், கென்யா 1989இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் கொண்டுவந்தது. வருவோர் எண்ணிக்கை சரிய, அடுத்த ஆண்டே புறநோயாளிக் கட்டணத்தை நிறுத்தியது.

திட்டத்தை எடைபோட, முன்பு-பின்பு என்று ஒப்பிட்டு மட்டும் தீர்ப்பு சொல்லக் கூடாது. கடன் கேட்கும் நாடு ஏற்கெனவே நெருக்கடியில் இருப்பது. திட்டம் இல்லாவிட்டாலும் செலவு விழுந்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் செலவுத் தரவுத்தளத்தில், வெளிநாட்டு உதவியைக் கழித்து, நிலையான விலையில், தலைக்கு அரசு செய்த செலவைப் பாருங்கள். எண்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதமாகவே வரும்.

அதற்குமுன், கடன் கோரும் கடிதத்துடன் இணைத்து இலக்குகளை வரையறுக்கும் தொழில்நுட்பப் புரிந்துணர்வுக் குறிப்பில் கீழ்வரம்பின் வரையறையைப் படியுங்கள். உள்ளூர் நாணயத்தில் 100 என்று எழுதியிருந்து விலைவாசி 25% ஏறினால், கையில் இருப்பது 80தான். 'சமூகத் துறைகள்' என்று எல்லாம் ஒரே மூட்டையாக இருந்தால், நலத்தொகையைக் கூட்டி மருந்தைக் குறைத்தாலும் இலக்கை எட்டியதாகவே கணக்கு வரும்.