பார்த்துச் சொல்லக் கூலி இல்லாத ஊர்

மூன்று வார லீவில் ஐந்து நாள் நாமக்கல் லாரிப் பட்டறைகளில் கழிந்தது. மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் பட்டறைக்கு இழுத்துப் போனது அவள் தம்பிதான்.

மாப்ளை கோழித்தீவனம் ஏற்றுவதற்காக 2008 மாடல் சின்ன லாரி ஒன்றைப் புரோக்கர் மூலம் வாங்கியிருந்தான். நாலு சிலிண்டர் டீசல், பழைய இன்லைன் பம்ப். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. வாங்கி இரண்டு மாதத்தில் இரண்டு தொல்லை. வண்டி நிற்கையில் இன்ஜின் ஓடும்போது கேபினே பல் கிட்டுகிற மாதிரி ஆடும். ராத்திரி நிறுத்தி வைத்த இடத்தில் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கிடக்கும். அடுத்த மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேறு. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் காட்ட வேண்டுமே.

முதலில் போன பட்டறை பெரியது, பளபளப்பானது. வண்டியைப் பத்து நிமிஷம் பார்த்தார்கள். அடியில் டார்ச் அடித்து, கிளட்ச் ஹவுசிங் நனைந்திருப்பதைக் காட்டி, "இன்ஜின் பின்னால இருக்கற பேக் ஆயில் சீல் போயிருச்சுங்க. கியர் பாக்ஸ் இறக்கணும். ஆட்டத்துக்கு இன்ஜின் பிரிச்சாத்தான் தெரியும்" என்றார்கள். 95,000 ரூபாய் ஆகும், பிரித்தபின் கூடவும் செய்யலாம். மாப்ளை முகம் சுண்டிப் போனது.

நான் கனடாவின் மிசிசாகாவில் பதினோரு வருஷமாக டெலிவரி ட்ரக் ஓட்டுகிறவன். மெக்கானிக் இல்லை. ஆனால் அங்கே நான் போகிற பட்டறையின் பில்லில் முதல் வரியே சோதனைக் கட்டணம்தான். என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரக் கூலி. அந்த வரியைப் பார்த்து எத்தனையோ தடவை வயிறு எரிந்திருக்கிறேன். இங்கே வந்துதான் அதன் அருமை புரிந்தது.

மறுநாள் மாப்ளையின் சிநேகிதன் சொல்லி, ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகைக்குப் போனோம். அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு மேஸ்திரி. பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. "நிக்கையில ஆடுதா, ஓடையில ஆடுதா?" என்றார். இரண்டிலும் என்றான் மாப்ளை. "ரெண்டும் ஒரே ஆட்டமா கண்ணு?" மாப்ளைக்குப் பதில் தெரியவில்லை.

ஸ்டார்ட் பண்ணச் சொல்லி மட்கார்டில் கை வைத்துக்கொண்டார். கிளட்சை மிதிக்கச் சொன்னார், ஆட்டம் மாறவில்லை. லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொன்னார், ஆட்டம் அடங்கியது. பிறகு பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு பைபாஸுக்குக் கிளப்பினார். 60-ல் போகும்போது தரையில் விர்ரென்று வேறொரு நடுக்கம் வந்தது. ரோடு காலியாக இருந்த இடத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரல் போடச் சொன்னார். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிட்டது, நடுக்கம் இறங்கவில்லை. "இது இன்ஜின் இல்ல. ஜாயிண்ட்டு" என்றார். திரும்பி வந்து அடியில் படுத்துப் பார்த்தால், அவர் ஜாயிண்ட் என்ற, இன்ஜின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைத் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் சுற்றிலும் கிழிந்து, ஷாஃப்ட் கையாலேயே மேலும் கீழும் அசைந்தது. முதல் பட்டறை இதற்கும் சேர்த்துத்தான் இன்ஜினைப் பிரிக்க இருந்தது!

நிற்கும்போது வரும் ஆட்டத்துக்கு அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, 17-ம் நம்பர் ஸ்பானரால் ஒன்றாம் சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலுக்கு வரும் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தினார். மேலே ஒரு கை பனியன் வேஸ்ட்டைச் சுற்றியிருந்தார். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெறுங்கையை நீட்டவே கூடாது. இன்ஜின் சட்டென்று தொய்ந்தது. நட்டை முறுக்கியதும் நிமிர்ந்தது. இரண்டாவது, அதே மாதிரி. மூன்றாவதைத் தளர்த்தினார், இன்ஜின் கண்டுகொள்ளவே இல்லை. நாலாவதில் மறுபடி தொய்வு. மூன்றாம் சிலிண்டர் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

நான் அங்கேயே நாசிலை மாற்றிவிடலாம் என்றேன். அவர் சிரித்தார். ஒன்றாவது நாசிலையும் மூன்றாவதையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டு, மறுபடி ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். இப்போது மூன்றாம் சிலிண்டர் வேலை செய்தது, ஒன்றாம் சிலிண்டர் செத்துக் கிடந்தது. கோளாறு நாசிலோடு நகர்ந்துவிட்டது. நகராமல் மூன்றிலேயே நின்றிருந்தால் கோளாறு பம்ப்பிலோ, வால்விலோ, பிஸ்டன் ரிங்கிலோ இருக்கும், வால்வு, ரிங் என்றால் இன்ஜினைப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றார். பரமத்தி ரோட்டில் ஒரு பம்ப் சர்வீஸ் கடையில் கைநெம்புகோல் டெஸ்டரில் மாட்டி அடித்துக் காட்டினார்கள். நல்ல நாசில் ஊதுபத்திப் புகை மாதிரி தூவியது. இது மூக்கொழுகுவது போல் சொட்டியது. கூடவே மேஸ்திரி இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கையும் கடப்பாரையால் நெம்பிப் பார்த்ததில் இடது பக்கத்து ரப்பர் வாய் பிளந்திருந்தது.

ஆயில் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான ஆச்சரியம். "நனைஞ்ச இடத்துல ஒழுகறதில்ல தம்பி. ஒழுகறது மேல, நனையறது கீழ" என்றார். ஆல்டர்னேட்டருக்கும் ஏர் ஃபில்டர் வாய்க்கும் பிளாஸ்டிக் பை கட்டி, டீசலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, வாட்டர் சர்வீஸ் விட்டுக் காயவைத்தோம். பிறகு மாப்ளையைக் கடைக்கு அனுப்பி முகத்துக்குப் போடும் பவுடர் டப்பா ஒன்று வாங்கிவரச் சொன்னார். இன்ஜின் முழுக்க அப்பிவிட்டார். கல்யாணப் பெண் மாதிரி ஆனது இன்ஜின். சேந்தமங்கலம் வரை போய்த் திரும்பினோம்.

பானெட்டைத் திறந்ததும் இன்ஜின் தலைமேல் இருக்கும் மூடியான டேப்பெட் கவரின் பின் மூலையில் பவுடர் ஈரமாகிக் கறுத்து, அங்கிருந்து ஒரு கோடு இன்ஜின் முதுகு வழியாகக் கிளட்ச் ஹவுசிங்குக்கு இறங்கியிருந்தது. பேக் சீல் என்று சொன்னார்களே, அந்த ஈரம் இதுதான்.

அத்தோடு விடவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் சும்மா வைத்து ஐடிலில் விட்டார். மூடி தட்தட்டென்று குதித்தது. உள்ளே பேக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரிலிருந்து கீழே கசிந்து வரும் அழுத்தம். அந்த அழுத்தம் வெளியேறும் ப்ரீதர் பைப்பைத் தேடிப் பிடித்தால், சேஸிஸ் வரைக்கும் நீளமாக இழுத்து, முனையை நசுக்கிவிட்டிருந்தது. விற்கும்போது புகை தெரியக்கூடாது என்று எவனோ செய்த வேலை. மூச்சுவிட வழியில்லாத அழுத்தம் டேப்பெட் கவருக்கு அடியில் இருக்கும் பேக்கிங் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. நசுங்கியதை வெட்டி, உள்ளே இருந்த கரியைச் சுத்தம் செய்து, புது பேக்கிங் போட்டதும் மூடி குதிப்பது பாதியாகக் குறைந்தது. பாதிதான். "ரிங்கு தேஞ்சுதான் இருக்குது. ஒரு வருஷம் ஓட்டலாம், தினம் ஆயில் மட்டம் பாரு" என்று மாப்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

நாலு நாசில் சர்வீஸ் 3,600, மவுண்டிங் ஜோடி 1,400, சென்டர் பேரிங் 1,800, பேக்கிங் 250, கூலி 2,500. மொத்தம் 9,550. பில் கிடையாது, சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிய கணக்குதான். எஃப்.சி.யும் ஆனது.

கண்டுபிடிக்க இரண்டு நாள் உழைத்தவருக்கு அந்தக் கூலியில் ஒரு பைசா இல்லை. தனியாக ஆயிரம் ரூபாய் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பாத்ததுக்கு எதுக்குங்க காசு? கழட்டுனாத்தான கூலி." பெரிய பட்டறையைத் திட்டிக்கொண்டே வந்த எனக்கு அங்கே வாய் அடைத்துப் போயிற்று. பார்ப்பதற்குக் காசில்லை, கழற்றினால்தான் காசு என்றால், எந்தப் பட்டறை பார்த்துக்கொண்டு நிற்கும்? கடைசியில் அந்தப் பணத்தைப் பட்டறைப் பையன் பள்ளிக்கூட ஃபீஸ் என்று சொல்லிக் கொடுத்தேன். அப்போதும் பாதியைத் திருப்பினார்.

இப்போது மாப்ளை தினமும் ராத்திரி வண்டிக்கு அடியில் முட்டை அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வைக்கிறான். காலையில் வாட்ஸ்அப்பில் படம் வரும். முதல் வாரம் நாலைந்து சொட்டு. போன வாரம் ஒரே ஒரு சொட்டு, அதுவும் கொஞ்சம் பின்னால் தள்ளி. என்னடா இது என்று கேட்டேன். உடனே குரல் செய்தி வந்தது.

"கியர் பாக்ஸ் ஆயில் மாமா. மோந்து பாத்துட்டேன்."