டேப்பெட் சத்தம் நின்றதும் சந்தோஷப்பட்டேன்

பழைய வண்டி வைத்திருப்பவர்களே, "ரெண்டே நாளில் வால்வு சீட் கிரைண்டிங் கற்றுத் தருகிறோம், உங்கள் ஹெட்டையே கொண்டு வாருங்கள்" என்று யாராவது கூப்பிட்டால், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஹெட் என்பது எஞ்சினின் மேல்மூடி, சீட் என்பது அதில் வால்வு வந்து உட்காரும் விளிம்பு. எனக்குப் போனது 17,600 ரூபாயும் எட்டு மாதமும். மானம் போனதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வண்டி அப்பாவின் 1972 அம்பாசடர், மார்க் 2. 1489 சிசி பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோல் ஓடிய காலத்து எஞ்சின் அது. எரிந்த ஈயம், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் சீட் மேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கும். 2000 பிப்ரவரியில் இருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். இந்த ஹெட்டில் தனியாக சீட் ரிங் கிடையாது, வார்ப்பிரும்பிலேயே கடைந்திருப்பார்கள். பாரம் ஏற்றி விரட்டி ஓட்டினால் சீட் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்து வால்வு உள்ளே இறங்கும். நாலு எக்ஸாஸ்டுக்கும் கெட்டி ரிங் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வேலையையும் கற்றுக்கொண்டு ரிங்கும் போட்டுக்கொள்ளலாம் என்ற ஆசையில்தான் கோயம்புத்தூரில் அந்தப் பட்டறைக்குப் போனேன். பயிற்சிக்கு 12,000, ரிங் ஒன்றுக்கு 1,400.

முதல் நாள் ரப்பர் கப் வைத்த குச்சியையும் தேய்க்கும் பேஸ்ட் டப்பாவையும் கையில் கொடுத்தார்கள். குச்சியை வால்வில் ஒட்டி, உள்ளங்கை எரிய எரிய உருட்டினேன். வால்வு முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் வந்ததும், "பாருங்க சார், சீட் செட் ஆயிடுச்சு" என்று முதுகில் தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பேஸ்ட் போட்டு உருட்டுவது வேறு, சீட் கடைவது வேறு என்று அன்றைக்குத் தெரியாது. குழிந்த சீட்டையும் பேஸ்ட் பளபளக்க வைத்துவிடும்.

இரண்டாம் நாள் சீட் கடையும் கல்லை ஓட்டிக் காட்டினார்கள். வைரமுனை வைத்துக் கல்லை ஒரு தடவைகூடச் சீர் செய்யவில்லை. கைடு, அதாவது வால்வு தண்டு ஏறி இறங்கும் குழல், தேய்ந்திருக்கிறதா என்று யாரும் ஆட்டிப் பார்க்கவில்லை. மத்தியானம், "ரிங் இறக்குறது மெஷின் வேலைங்க சார், பக்கத்துல ஆள் நின்னா சரியா வராது. நீங்க சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க" என்றார்கள். கற்றுக்கொள்ளப் பணம் கட்டியவனை முக்கியமான வேலையின்போது வெளியே அனுப்புகிறார்களே என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஹெட் துடைத்து வைத்திருந்தது. நாலு சீட்டைச் சுற்றியும் மெல்லிசாக ஒரு வட்டக் கோடு. ரிங் விளிம்பு என்றார்கள்.

வண்டியில் ஏற்றி, டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வு தண்டுக்கும் அதைத் தட்டும் ராக்கருக்கும் நடுவில் விடும் சந்தை, 15 தவுவில் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) வைத்தேன். அந்தச் சந்து இருந்தால் டிக் டிக் என்று தட்டத்தான் செய்யும். ஆறேழு வாரத்தில் டிக் டிக் சத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் அடியோடு நின்றுவிட்டது. எஞ்சின் இவ்வளவு அமைதியாக ஓடி நான் கேட்டதே இல்லை. வீட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். உண்மையில் வால்வு சீட்டுக்குள் இறங்க இறங்க அதன் தண்டு மேலே ஏறி டேப்பெட் இடைவெளியைத் தின்றுகொண்டிருந்தது. அதுதான் அந்த அமைதி.

பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது, ஐடிலில் உதறியது. கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம், psi கணக்கில்) பார்த்தால் மூன்று சிலிண்டர் 115, 120 என்று காட்ட, நாலாவது 70. எட்டாவது வால்வில், அதாவது நாலாவது சிலிண்டரின் எக்ஸாஸ்டில், 4 தவு கனமுள்ள அளவுத் தகடுகூட நுழையவில்லை.

ஹெட்டைக் கழற்றி வேறொரு லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எழுபது வயதுப் பெரியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டு சீட்டைப் பார்த்தவர், "ஏனுங் தம்பி, இது யாரு போட்ட கோலமுங்க?" என்றார். நகத்தால் அந்தக் கோட்டைச் சுரண்டினார். ஹெட்டைச் சாய்த்து, போர்ட் (புகை போகும் துளை) வழியாக டார்ச் அடித்தார். ரிங் இறக்கியிருந்தால் உள்பக்கம் தொண்டையிலும் இணைப்பு தெரியும். அங்கே பழைய வார்ப்பு அப்படியே இருந்தது. ஊசி முனையால் மேலே வட்டம் கீறி, நாலு ரிங்குக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

மிச்சத்தையும் அவரே காட்டினார். வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து ஆட்டச் சொன்னார், லொடலொடவென்று ஆடியது. கைடு தேய்ந்திருந்தால் அதில் நிற்கும் பைலட், அதாவது கல்லைத் தாங்கும் கம்பி, ஆடும், பைலட் ஆடினால் கல் ஒரு பக்கமாகக் கடையும். அதனால் கைடு முதலில், சீட் பிறகு. என் சீட் அகலம் மூன்று மில்லி இருந்தது, எக்ஸாஸ்டுக்கு இரண்டு போதும். 45 டிகிரியில் கடைந்தபின் மேலே 30, கீழே 60 கல் கொடுத்து அதைக் குறுக்க வேண்டுமாம். அந்த இரண்டு கல்லையும் "பயிற்சியில்" நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

பழைய இடத்துக்குப் போய்க் கேட்டேன். குரலே உயராமல் பதில் வந்தது: "உருட்டுனது நீங்கதானே சார்? கத்துக்கிறப்ப அப்படித்தான் ஆகும்." பில்லை எடுத்துப் பார்த்தேன். 17,600 மொத்தமும் "பயிற்சிக் கட்டணம்". ரிங் என்ற சொல்லே இல்லை. வேலைக்குத்தானே உத்தரவாதம் கேட்க முடியும், பாடத்துக்கு யாரிடம் கேட்பது? சாமர்த்தியம்தான்.

ஆகவே, ரிங் போட்டால் பில்லில் ரிங் என்று எழுதி வாங்குங்கள். இறக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், விடமாட்டேன் என்றால் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பூட்டும் முன் ஹெட்டைக் கவிழ்த்து, வால்வும் ஸ்பார்க் பிளக்கும் மாட்டி, வால்வுகள் இருக்கும் குழிகளில் (பெட்ரோல் எரியும் அறை) மண்ணெண்ணெய் ஊற்றி, கால் மணி நேரம் போர்ட்டைப் பாருங்கள். கசியக் கூடாது. இதற்குப் பத்து ரூபாய் செலவாகாது.

பெரியவர் புது கைடும் நாலு ரிங்கும் போட்டுக் கொடுத்தார். ரிங்குகளை முந்தின இரவு எங்கள் வீட்டு ஃபிரீசரில், ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில் நான்தான் வைத்தேன். காலையில் அவர் ஹெட்டைச் சூடாக்கி, குளிர்ந்த ரிங்கை என் கையாலேயே வைக்கச் சொல்லி, மேலே கட்டை வைத்து இரண்டே தட்டு தட்டினார். அதற்குத் தனியாகப் பயிற்சிக் கட்டணம் வாங்கவில்லை.

நேற்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட் வரைக்கும் வந்து கேட்டார்: "என்ன தம்பி, வண்டி மறுபடி டிக் டிக்குன்னு சத்தம் போடுதே?"

ஆமாங்கண்ணா, போடட்டும்.