ஃபேமிலிசர்ச்சின் ஃபுல் டெக்ஸ்ட் தேடல்: மூன்று முறை மணந்த ஒரு பாட்டியைக் கண்டுபிடித்துத் தந்தது

அமெரிக்காவின் பழைய குடும்ப ஆவணங்களில் ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் மனதாரச் சிபாரிசு செய்வது ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தின் ஃபுல் டெக்ஸ்ட் தேடலை, அதாவது ஆவணங்களுக்கு உள்ளே இருக்கும் எழுத்தையே தேடும் வசதியைத்தான். கட்டணம் கிடையாது, ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். நீங்கள் தேடும் பெண் இரண்டு மூன்று முறை மணம் செய்துகொண்டவர் என்றால், வேறு எங்கும் போவதற்கு முன் இங்கே போங்கள்.

என் கணவரின் குடும்பம் பல தலைமுறைகளாக மாசசூசெட்ஸில் இருப்பது. மாமியார் வைத்திருக்கும் குடும்ப பைபிளில் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் மசியில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. அதன் உச்சியில் இருக்கும் ஒரு பாட்டிக்கு மட்டும் முதல் பெயர்தான் இருக்கிறது. யார் வீட்டுப் பெண் என்று ஒரு சொல்கூட இல்லை. வூஸ்டர் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருக்கும் அவருடைய கல்லறையில் வேறு ஒருவரின் விதவை என்று பொறித்திருக்கிறது. அந்தக் குடும்பப் பெயர் எங்கள் வம்சத்தில் எங்குமே வராதது. என் பிள்ளைகளுக்கும் அவர் பாட்டிதானே. பேரில்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. (குடும்பத்தார் விருப்பப்படி இங்கே யார் பெயரையும் எழுதவில்லை.)

அந்தக் காலத்துப் பெண்கள் ஏன் இப்படிக் காணாமல் போகிறார்கள் என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை இல்லை. கணவர் பெயருக்குள் அவர் அடங்கிவிடுவார். 1790-இல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். வெள்ளை இனப் பெண்கள் எல்லாரும், பச்சைக் குழந்தையிலிருந்து கிழவிவரை, ஒரே கட்டத்தில் ஒரு எண். எங்கள் பாட்டி அந்த வருடம் மூன்றாவது கணவரின் வீட்டில் அந்த எண்ணுக்குள் இருந்தார். அடிமைகள் தவிர வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் எழுத ஆரம்பித்தது 1850-இல்தான்.

நிலப் பத்திரங்களின் அட்டவணையும் அப்படித்தான். விற்றவர், வாங்கியவர் என்று இரண்டே பெயர்கள். மனைவி பத்திரத்தின் கடைசியில், தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்தோ கைநாட்டுக் குறியோ போட்டிருப்பார். அது அட்டவணைக்கு வராது. வாரிசுகள் ஏழு பேர் சேர்ந்து விற்றாலும் முதல் ஆளின் பெயர் மட்டும் ஏறும், மற்றவர்கள் 'மற்றும் பிறர்' ஆகிவிடுவார்கள். ஆக, பெண்ணின் பெயர் ஆவணத்துக்கு உள்ளே இருக்கிறது, மேலே இல்லை. இத்தனை காலம் நாம் மேலட்டையை மட்டும் படித்துக்கொண்டிருந்தோம்.

ஃபுல் டெக்ஸ்ட் தேடல் செய்வது உள்ளே படிப்பது. ஃபேமிலிசர்ச் என்பது யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் திருச்சபையின் அமைப்பு. 1894-இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கம்தான் பிற்பாடு இப்படி வளர்ந்தது. உலகம் முழுக்க ஆவணங்களைப் படம்பிடித்த சுமார் 24 லட்சம் மைக்ரோஃபிலிம் சுருள்களை 2021-இல் டிஜிட்டல் ஆக்கி முடித்தார்கள். ஆனால் படமாக இருந்தாலும் பக்கம் பக்கமாகத் தள்ளித்தான் பார்க்க வேண்டியிருந்தது. 2024-இல் சோதனை வடிவில் வந்த புதிய தேடலில், பழைய கையெழுத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கி வைத்திருக்கிறது. அமெரிக்க நிலப் பத்திரங்களும், இறந்தவரின் உயிலையும் சொத்தையும் கையாளும் நீதிமன்ற ஆவணங்களும் முதலில் சேர்க்கப்பட்டவற்றில் அடக்கம். பெண்களைத் தேடுவதற்கு இந்த இரண்டையும்விட நல்ல இடம் இல்லை.

எங்கள் பாட்டி எப்படிக் கிடைத்தார் என்று சொன்னால் இதன் அருமை புரியும்.

கல்லறையில் இருந்த மூன்றாவது கணவரின் பெயரிலிருந்து பின்னால் போனேன். மாசசூசெட்ஸ் ஊர்களில் கல்யாணத்துக்கு முன் ஊர் கிளார்க்கிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பில் அவர் 'விதவை' என்று, எங்கள் குடும்பப் பெயரோடு இருந்தார். சரி, எங்கள் வம்சம் வந்தது இரண்டாவது கணவர் வழியாக என்று உறுதியானது. அவர் உயில் எழுதாமல் இறந்தவர். சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு விதவைக்கு வந்திருக்கிறது. பிறகு மறுமணம் ஆனதால், கடைசிக் கணக்கை நீதிமன்றத்தில் கொடுத்தது புதுக் கணவரும் அவரும் சேர்ந்து. இதெல்லாம் பழைய முறையிலும் கண்டுபிடிக்கக்கூடியதுதான்.

முதல் கணவர்தான் எங்கும் இல்லை. அப்படி ஒருவர் இருந்தார் என்பதே குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தேடல் பெட்டியில் பாட்டியின் முதல் பெயரையும் மூன்றாவது கணவரின் குடும்பப் பெயரையும் போட்டு, கூடவே 'தேர்ட்ஸ்' (thirds) என்ற சொல்லையும் சேர்த்தேன். விதவைக்குச் சட்டம் கொடுத்த மூன்றில் ஒரு பங்கை அன்றைய எழுத்தர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு பத்திரம் வந்து நின்றது. நான் கேள்விப்பட்டே இராத குடும்பப் பெயர் கொண்ட இரண்டு சகோதரர்கள், இறந்துபோன தங்கள் தந்தையின் நிலத்தில் தாய்க்கு ஒதுக்கிய மூன்றில் ஒரு பங்கின் மேல் தங்களுக்குப் பின்னால் வரப்போகும் உரிமையை விற்கிறார்கள். தாய் இப்போது இன்னாரின் மனைவி என்று மூன்றாவது கணவரின் பெயரும் ஊரும் அதில் தெளிவாக இருக்கிறது. அட்டவணையில் பாட்டியின் பெயர் கிடையாது. அவர் விற்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. உள்ளே நடு வரியில் இருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலமுறை மணந்த பெண்ணைத் தேடுபவருக்கு இதுதான் கயிறு. கணவர் இறந்தால் அவருடைய நிலத்திலும் வீட்டிலும் மூன்றில் ஒரு பங்கை விதவை ஆயுள் முழுக்க அனுபவிக்கலாம், விற்க முடியாது. நீதிமன்றம் அனுப்பும் ஆட்கள் வந்து அளந்து பிரிப்பார்கள். இந்தக் கிழக்கு அறை, நிலவறையில் பாதி, கிணற்றுக்கும் அடுப்புக்கும் போய்வர வழி என்று வீட்டையே எழுத்தில் கூறுபோட்ட ஆவணங்கள் உண்டு. படித்தால் ஒரு குடும்பத்தின் வீடு முழுக்கக் கண்முன் வரும். அவர் மறுமணம் செய்துகொண்டாலும் அந்தப் பங்கு அவருடையதே. அவர் இறந்த பிறகுதான் முதல் கணவரின் வாரிசுகளுக்குப் பிரியும். அதனால் முதல் கணவர் இறந்து இருபது, முப்பது வருடம் கழித்துக்கூட, பாட்டியின் எல்லாப் பெயர்களையும் ஒரே இடத்தில் சொல்லும் காகிதம் பிறக்கிறது. கணவர் இறந்த வருடத்தோடு தேடலை நிறுத்தாதீர்கள். பெண் இறந்த வருடத்தையும் தாண்டிப் பாருங்கள்.

பிறந்த வீடு கிடைத்தது பிள்ளைகளுக்கான கார்டியன் (சட்டப்படியான பாதுகாவலர்) காகிதங்கள் வழியாக. தந்தையில்லாத சிறு பிள்ளைகளுக்கு நீதிபதியே கார்டியனை நியமிப்பார்; பதினான்கு வயது ஆனதும் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். சகோதரர்களில் ஒருவன் அப்படித் தேர்ந்தெடுத்த மனிதர் தாய்மாமனாக இருக்கலாம் என்று தோன்றியது. அந்த மனிதரின் தந்தை எழுதிய உயிலைத் தேடினால், 1760களின் உயில் அது, மகள்கள் வரிசையில் எங்கள் பாட்டி, முதல் கணவரின் மனைவி என்ற பெயரோடு. முடிந்தது. அவருக்கு அப்பா இருந்தார், அம்மா இருந்தார், நான்கு சகோதரிகள் இருந்தார்கள்.

இவ்வளவு சங்கிலி எதற்கு, ஏற்கெனவே யாராவது போட்டிருக்கும் வம்ச மரத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். நான் பார்த்த கட்டணத் தளம் ஒன்றில் பலரும் அதே முதல் பெயருள்ள வேறு ஊர்ப் பெண்ணின் பெற்றோரை எங்கள் பாட்டிக்கு ஒட்டவைத்திருந்தார்கள். புகழ்பெற்றவர்களுக்கே இது நடந்திருக்கிறது. மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரின் சூனிய வழக்குகளில் 1692 ஜூன் 10 அன்று முதலில் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப் மூன்று முறை மணந்தவர்: முதலில் சாமுவேல் வாசல்பி, பிறகு தாமஸ் ஆலிவர், பிறகு எட்வர்ட் பிஷப். அதே காலத்தில் இன்னொரு எட்வர்ட் பிஷப்பின் மனைவி சாராவும் குற்றம் சாட்டப்பட்டிருந்தார். இந்த இரண்டு பெண்களையும் ஒரே ஆளாகக் கலந்து வரலாறுகள் எழுதப்பட்டன. சாராவின் மதுவிடுதி பிரிட்ஜெட்டின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. வம்சாவளி ஆய்வாளர் டேவிட் கிரீன் 1981-இல் தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட் இதழில் ஆவணங்களை வைத்துப் பிரித்துக் காட்டும்வரை இதுதான் நிலை. மரண தண்டனை பெற்ற ஒரு பெண்ணுக்கே தன் வாழ்க்கை தன்னுடையதாக இல்லாமல் போனது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. ஃபேமிலிசர்ச்சின் வம்ச மரமும் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொது மரம்தான். அதைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சான்றாக வேண்டாம். நான் புகழ்வது அங்குள்ள ஆவணங்களை.

பயன்படுத்தும் விதம் எளிது. உள்ளே நுழைந்ததும் தேடல் பட்டியலில் ஃபுல் டெக்ஸ்ட் இருக்கும். கட்டாயம் வர வேண்டிய சொல்லுக்கு முன் கூட்டல் குறி போடுங்கள். சேர்ந்தே வர வேண்டியவற்றுக்கு மேற்கோள் குறி. அப்புறம் இடம், வருடம், ஆவண வகை என்று வடிகட்டலாம். பெயரோடு 'ரெலிக்ட்' (relict, விதவை), 'டவர்' (dower, விதவையின் பங்கு), 'லேட் விடோ' (late widow, முன்பு விதவையாக இருந்தவர்), 'நௌ வைஃப் ஆஃப்' (now wife of, இப்போது இன்னாரின் மனைவி) போன்ற அன்றைய எழுத்தர்களின் சொற்களை ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டல் அன்று ஆளுக்கொரு விதம் என்பதால் எல்லா வடிவங்களையும் போட வேண்டும். பழைய கையெழுத்தில் எஸ் எழுத்து நீளமாக, எஃப் போலவே இருக்கும். கணினி அதை மாற்றிப் படித்திருக்கலாம். கணினி எழுதியதை நம்பி நிற்காமல் மூலப் படத்தை நீங்களே வாசியுங்கள்.

தேதிகளில் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலேயக் காலனிகளில் 1752 வரை புது வருடம் மார்ச் 25-இல்தான் பிறந்தது. பாட்டியின் அண்ணன் பிறந்த பிப்ரவரி மாதத்தை 1743/4 என்று இரட்டையாக எழுதியிருந்தார்கள்: பழைய கணக்கில் 1743, இன்றைய கணக்கில் 1744. இதைத் தெரிந்துகொள்ளாமல் கணக்குப் போட்டால், கல்யாணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததுபோல் ஆகிவிடும்.

குறைகள் உண்டு. சில படங்களை வீட்டிலிருந்து திறக்க முடியாது; ஃபேமிலிசர்ச் மையத்திலோ அதனுடன் இணைந்த நூலகத்திலோ உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சர்ச் பதிவேடுகளுக்கும் ஊர்ப் பதிவேடுகளுக்கும் 1845-இல் பாஸ்டனில் தொடங்கிய நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்) வம்சாவளிச் சங்கத்தின் தளம் கூடுதல் வசதி. அதன் தொகுப்புகளில் பலவற்றுக்கு உறுப்பினர் கட்டணம் உண்டு. 1700-க்கு முந்திய கல்யாணம் என்றால் கிளாரன்ஸ் டோரி தொகுத்த பட்டியலை அங்கே பார்க்கலாம். பெண்ணின் முந்தைய கணவர்களையும் அதில் குறித்திருப்பார்.

உங்கள் பாட்டி 1836-க்குப் பிறகும் உயிரோடு இருந்து, கணவர் அமெரிக்கச் சுதந்திரப் போரில் இருந்தவர் என்றால் விதவை ஓய்வூதியக் கோப்புகளையும் விடாதீர்கள். கல்யாணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் பக்கத்தையே கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் உள்ளன.

இன்னொன்று, மாசசூசெட்ஸில் நிலப் பத்திரங்கள் கவுண்டி வாரியாக இருக்கும். பக்கத்து மாநிலங்களான கனெக்டிகட்டிலும் ரோட் ஐலண்டிலும் ஊர் வாரியாக. வடிகட்டும்போது அதற்கேற்ப இடத்தைக் கொடுங்கள். தொகுப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. இன்று வெறுங்கையாக வந்தால் சில மாதம் கழித்து அதே சொற்களை மறுபடி போட்டுப் பாருங்கள். கிடைத்த உடனே படத்தை இறக்கி, தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் அதோடு எழுதி வைத்துவிடுங்கள்.