ஹெச்பி5 பிளஸ்: நாலு டெவலப்பரில் கழுவிப் பார்த்ததில்

இல்ஃபோர்டின் ஹெச்பி5 பிளஸ் 1989-லிருந்து கிடைக்கிற 400 ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) கருப்பு-வெள்ளை ஃபிலிம். எந்த டெவலப்பரில் (ஃபிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனம்) கழுவினாலும் படம் வந்துவிடும் என்று இதைப் பற்றிச் சொல்வார்கள். வரும், அதில் சந்தேகமே இல்லை. எப்படி வருகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் ரோல் முழுக்க ஒரே காட்சியை எடுத்து, இருட்டில் துண்டு போட்டு, டி-76, ரோடினால், ஹெச்சி-110, எக்ஸ்டால் என்று தனித்தனியாகக் கழுவினேன்.

ஜன்னலோரம் ஒரு மர நாற்காலி, அதில் சாய்த்து வைத்த கருப்புக் குடை, பின்னால் வெள்ளைத் திரை. குடைத் துணியின் மடிப்புகளில் நிழல் எவ்வளவு தங்குகிறது, திரையின் நெசவு வெளுத்துப் போகாமல் நிற்கிறதா, மர வரிகள் எவ்வளவு கூர்மையாக இருக்கின்றன, இந்த மூன்றையும்தான் பார்த்தேன். கேமரா டிரைபாடில், எக்ஸ்போஷர் ஒன்றே. எல்லாத் துண்டுக்கும் டெவலப்பரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ், ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 10 விநாடிக்குள் டேங்கை நாலு முறை கவிழ்த்து நிமிர்த்துவது. பிரிண்ட் போட்டதும் ஒரே கிரேடு (கான்ட்ராஸ்ட் அளவு) பேப்பரில்.

டி-76-ஐ சம அளவு தண்ணீர் கலந்து 11 நிமிடம். இதில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட் இருக்கிறது. அது வெள்ளி மணிகளின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்து, கிரெயினை, அதாவது படத்தில் தெரியும் பொடிப்பொடியான சொரசொரப்பை, மிருதுவாக்கும். தண்ணீர் கலந்தால் அந்தக் கரைப்பு குறைந்து கூர்மை கூடும். குடை மடிப்புகள் பெரும்பாலும் தெரிந்தன, திரையின் நெசவும் அப்படியே இருந்தது. குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ரோடினால் வேறு ரகம். 1891-இல் வந்த டெவலப்பர். 1+50, அதாவது ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர் கலந்து 11 நிமிடம் கழுவினேன். இந்தக் கலவையில் சல்ஃபைட் மிகக் குறைவு என்பதால் கிரெயின் கரையாமல் முழுசாக நிற்கிறது. நாற்காலியின் மர வரிகள் மற்ற மூன்றிலும் பார்க்காத அளவுக்கு எடுப்பாக வந்தன. அந்தப் பகுதியை மட்டும் பெரிதாக்கி பிரிண்ட் போட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு அழகு. ஆனால் குடையின் உள்மடிப்புகளில் நெகட்டிவ் வெறும் கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கே எதுவுமே பதியவில்லை, பிரிண்டில் எவ்வளவு முயன்றாலும் வராது. சாம்பல் சுவரில் கிரெயின் மணல்மணலாகத் தெரிந்தது. 400 ஃபிலிமுக்கு ரோடினால் ஆகவே ஆகாது என்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். இதில்தான் கழுவப்போகிறோம் என்று முன்பே முடிவு செய்துவிட்டால் வெளிச்ச மீட்டரை 200 ஐஎஸ்ஓவில் வைத்து, அதாவது இரு மடங்கு வெளிச்சம் விட்டு எடுங்கள். நிழலுக்கு வேண்டிய வெளிச்சம் கிடைத்துவிடும். கழுவும் நேரத்தை மட்டும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஹெச்சி-110 பற்றிச் சொல்ல அதிகமில்லை. பி கலவை, அதாவது 1+31, வெறும் 5 நிமிடம். முடிவு டி-76-க்குப் பக்கத்தில் வந்தது, திரை மட்டும் ஒரு படி பளிச்சென்று இருந்தது. நேரம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, ஊற்றுவதில் சில விநாடி முன்பின்னானாலே நெகட்டிவின் அடர்த்தி மாறும். 300 மில்லி டேங்குக்கு 9.4 மில்லிதான் தேவை என்பதால் ஊசியில்லாத சிரிஞ்சால் அளப்பதே சரி.

எனக்கு மிகவும் பிடித்தது எக்ஸ்டால். கோடாக் 1996-இல் கொண்டுவந்தது, வைட்டமின் சி வகை ரசாயனத்தில் வேலை செய்வது. 1+1 கலந்து 12 நிமிடம். லைட் பாக்ஸில் வைத்து லூப்பில் (சிறு உருப்பெருக்கியில்) பார்த்தபோது, குடைக் கம்பியோடு துணியைச் சேர்க்கும் தையல் நூல் ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. டி-76 துண்டில் அந்த இடம் பொதுவான ஒரு மங்கல், ரோடினாலில் ஒன்றுமே இல்லை. கிரெயினும் நாலில் இதில்தான் நயம். மர வரிகளில் ரோடினாலின் அந்த எடுப்பு இல்லை, ஆனால் முகங்களை எடுக்கிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. இந்த ஃபிலிமைக் குறைந்த வெளிச்சத்தில் அடிக்கடி பயன்படுத்துகிறவர் என்றால் யோசிக்காமல் இதையே வாங்குங்கள். இது அமையாவிட்டால் டி-76.

எக்ஸ்டாலில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ரோடினால் பழசானால் நிறம் கறுத்துக்கொண்டே போகும், ஆனாலும் வருடக்கணக்கில் வேலை செய்யும். எக்ஸ்டால் அப்படியில்லை, தெளிந்த தண்ணீராகவே இருக்கும், ஆனால் திடீரென்று ஒருநாள் வேலை செய்யாமல் போய்விடும். பவுடர் 5 லிட்டருக்கு வருவதால், கரைத்ததும் சின்னச் சின்ன பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு முறையும் ரோலைக் கழுவுவதற்கு முன்பு, ஃபிலிமின் முனையில் வெளிச்சம் பட்டுவிட்ட நாக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டி அந்த டெவலப்பரில் போடுங்கள். சில நிமிடத்தில் நன்றாகக் கறுத்தால் ரோலைப் போடலாம். சாம்பலாகவே நின்றுவிட்டால் அந்த பாட்டிலைக் கொட்டிவிடுங்கள்.