பையனுக்கு என்ன பெயர்: டிலனா, காரெத்தா?

இரண்டும் வேல்ஸ் பெயர்கள்தான், போன வழி வேறு. வேல்ஸின் பழங்கதைத் தொகுப்பான 'மாபினோகியன்' கதைகளில் வரும் டிலன், ஞானஸ்நானம் ஆனதுமே கடலில் இறங்கி மீன் போல நீந்திப் போன குழந்தை. 1914இல் வேல்ஸின் சுவான்சீ நகர ஆசிரியர் ஒருவர் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தபோது அது மிக அபூர்வம். அந்த மகன்தான் கவிஞர் டிலன் தாமஸ். அப்புறம் 1962இல் அமெரிக்கப் பாடகர் ராபர்ட் ஜிம்மர்மேன் பெயரை மாற்றிக்கொண்டு சட்டப்படி பாப் டிலன் ஆனார். இன்று அமெரிக்காவில் பலர் வேல்ஸை நினைக்காமலே டிலன் என்று வைக்கிறார்கள்.

காரெத், 1485இல் அச்சான, ஆங்கில எழுத்தாளர் மாலரியின் ஆர்தர் மன்னன் கதையில் ஓராண்டு அரண்மனை அடுப்படியில் கிடந்த வீரன். 20ஆம் நூற்றாண்டில் வேல்ஸில் கொடிகட்டிப் பறந்த பெயர்: ரக்பிக்கு காரெத் எட்வர்ட்ஸ், கால்பந்துக்கு காரெத் பேல். இப்போது குழந்தைகளுக்கு அரிதாகவே வைக்கிறார்கள். என் ஓட்டு காரெத்துக்குத்தான். கேட்டதுமே ஊர் தெரிகிறது.