சன்ரூஃப் ஒழுகும் பழைய வேன்: சிலிக்கானா, பீடிங்கா, குழாயா?

ஐப்பசி மழை பிடித்ததும் மதுரைப் பட்டறைகளுக்கு, சன்ரூஃப் ஒழுகும் பழைய வேன்கள் வர ஆரம்பித்துவிடும். "சிலிக்கான் வச்சு அடைச்சிருவோம்ணே" என்பார்கள். இல்லையென்றால் கூரைக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பீடிங் ரப்பரை மாற்றச் சொல்வார்கள். வடிகுழாயைப் பார்ப்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் இறங்கும் என்று தெரிந்துதான் கம்பெனி சன்ரூஃபைச் செய்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் தட்டு, மூலைகளில் குழாய். அவை கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் இறங்கி வண்டிக்கு அடியில் தண்ணீரை விட்டுவிடும். வேப்ப மரத்தடியில் நிற்கும் வேனில் பங்குனி, சித்திரையில் உதிர்ந்த பூவும் புழுதியும் சேர்ந்து அந்தத் துளையை அடைக்கும். அப்புறம் தட்டு நிரம்பி, கூரையின் உள்பக்கத் துணி லைனிங் வழியாக சீட்டில் சொட்டும்.

சன்ரூஃபைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கதவுக் கீல் பக்கமோ சக்கரத்துப் பக்கமோ கீழே சொட்ட வேண்டும். சொட்டாத மூலையில் அடைப்பு. புல்வெட்டும் மெஷினுக்குப் போடும் நைலான் கயிற்றை மெல்ல உள்ளே விட்டு, அழுத்தாமல் திருகி எடுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். கம்ப்ரஸர் காற்றை மட்டும் வேகமாக அடிக்க விடாதீர்கள். பழைய குழாய் தூணுக்குள்ளேயே இணைப்பிலிருந்து கழன்றால் லைனிங்கைப் பிரிக்க வேண்டிவரும்.

பீடிங் வெயிலில் இறுகி வெடித்திருந்தால், ஓட்டும்போது காற்றுச் சத்தம் கேட்டால், மாற்றுவது சரி. ஆனால் அந்த மாடலுக்கான ரப்பரே வேண்டும். மீட்டர் கணக்கில் வாங்கும் பொது பீடிங்கில் கண்ணாடி மட்டமாக உட்காராது. குழாய் அடைத்திருக்கும்வரை புது ரப்பரும் ஒழுகலை நிறுத்தாது.

சிலிக்கானை நான் கடைசியில்தான் வைப்பேன். வினிகர் வாடை வரும் வகை வெறும் தகரத்தில் பட்டால் துருவை இழுத்து வரும். காய்ந்ததைச் சுரண்டி எடுப்பதும் பெரும் பாடு, மிச்சம் இருந்தால் வேறு பசை ஒட்டாது. சன்ரூஃப் மோட்டார் போய், இனி திறக்கவே போவதில்லை என்றால் பாலியூரிதேன் சீலன்ட் போட்டு மூடலாம். கம்பெனியில் வராமல், வெளிப் பட்டறையில் கூரையை வெட்டிப் பொருத்திய சன்ரூஃபில் தட்டும் குழாயும் இல்லையென்றால், அங்கே ரப்பரும் சீலன்ட்டும்தான் வழி.

நான்கு மூலையும் நன்றாக ஓடியும் சீட் நனைகிறதா? கூரை மேல் சாமான் வைக்கும் கேரியரின் போல்ட் இறங்கும் துளைகளைப் பாருங்கள்.